ஓரம் இல்லாத துண்டுகள்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மைக்ரான் என்றால் திரும்பிப் பார்ப்பாள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் மைக்ரான். நோயாளியின் உடம்பிலிருந்து அறுத்தெடுத்த கட்டியைத் துண்டு போட்டு மெழுகில் பதிப்பார்கள். அதற்குப் பிளாக் என்று பெயர். அந்தப் பிளாக்கை நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுவது அவள் வேலை. பிஸ்கட்டைப் பாதியாக உடைத்துக் கொடுத்தால்கூட, "உன் பக்கம் ரெண்டு மைக்ரான் ஜாஸ்தி" என்பாள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

இருபத்தொரு வயதில் சேர்ந்தவள். பன்னிரண்டு வருடம் தற்காலிகப் பணியாளர். தற்காலிகத்துக்குப் பிரசவ விடுப்பு கிடையாது என்பதால், மகள் பிறந்த நாற்பதாம் நாள் மாரில் பால் கட்டிக்கொண்டு வந்து சீவும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். இப்போது நாற்பத்தாறு. இடது கட்டை விரலில் மூன்று தழும்பு, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் வாடையில் மரத்துப்போன மூக்கு, முன்பக்கம் குனிந்தே இறுகிவிட்ட கழுத்து. இருபத்தைந்து வருடத்தில் சேர்த்த சொத்து இதுதான்.

இன்னொன்றும் உண்டு. அவள் சீவினால் கிழியாது. வெந்நீர்த் தொட்டியில் விட்டால் சீவல் பாலாடை மாதிரி மிதக்கும். ஒரு சுருக்கம் இருக்காது, ஒரு கீறல் இருக்காது. வெளி ஆஸ்பத்திரி டாக்டர்கள்கூட தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது மைக்ரான் கையில்லையா?" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குப் பத்து நாள் வயிறு நிறைந்துவிடும். வேறு எதில் நிறையும்? துறையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு கட்டுரையிலும் பதினாலு பெயர் இருக்கும். ஆய்வுக்கூடத்தின் வாசலையே மிதிக்காத ஆளின் பெயர் இருக்கும். சீவியவள் பெயர் மட்டும் இருக்காது.

துறைத் தலைவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். அவரைப் பெரியவராக்கியது நிணநீர் நாளங்களை எண்ணும் முறை. ரத்தக் குழாய்கள் போலவே உடம்பில் நிணநீர் நாளங்களும் ஓடுகின்றன. உடம்பின் வடிகால் அவை. மார்பில் வளரும் புற்றுக்கட்டி தனக்கென்று புதிய நாளங்களை முளைக்க வைக்கும். அந்த வழியாகப் புற்று செல்கள் நகர்ந்து, அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளில் போய்க் குடியேறும். நாளத்தின் சுவரை மட்டும் பழுப்பாக்கும் சாயம் ஒன்று உண்டு. அதைப் போட்டு, நுண்ணோக்கியில் பழுப்பு வளையங்கள் நெருக்கமாகத் தெரியும் மூன்று இடங்களைத் தேடிப் பிடித்து, பெரிதாக்கி எண்ணிச் சராசரி போட வேண்டும். பெரிய டாக்டர் நூற்று நாற்பது பழைய கட்டிகளை இப்படி எண்ண வைத்து ஒரு கோடு கிழித்தார்: பத்து. பத்துக்கு மேல் என்றால் அக்குளையும் திறந்து முடிச்சுகளை எடுத்தாக வேண்டும். கீழே என்றால் அக்குளைத் தொட வேண்டாம்.

அக்குளைத் தொட வேண்டாம் என்பது சின்ன விஷயமில்லை. முடிச்சுகளை எடுத்த பல பெண்களுக்குக் கை வீங்கிப்போகிறது. சிலருக்கு அது ஆயுசுக்கும் வடிவதில்லை. ஒன்றரை வருடத்தில் முப்பத்தொரு பெண்கள் பத்துக்குக் கீழே என்று வந்து, கையைக் காப்பாற்றிக்கொண்ட சந்தோஷத்தில் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

முப்பத்திரண்டாவதாக வந்தவள் மைக்ரானின் நாத்தனார்.

அவள் வீடுகளுக்கு வர்ணம் பூசுகிறவள். ஏணி மேல் நின்று வலது கையைத் தலைக்கு மேலே தூக்கியே இருபது வருடம் ஓட்டியவள். கட்டியும் வலது மார்பில்தான். கட்டியை எடுத்தாயிற்று. அக்குளைத் திறப்பதா வேண்டாமா என்று எண்ணிக்கைதான் சொல்ல வேண்டும், திறப்பதானால் வியாழக்கிழமை. பார்க்க வந்த உறவுக்காரர்கள் தலையெழுத்து என்று உச்சுக்கொட்ட, "தலையெழுத்த மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்தீங்களா? நான் பாத்ததில்ல. பார்த்தா சொல்றேன்" என்று மைக்ரான் ஒரே போடாகப் போட்டு அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை எண்ணிக்கை வந்தது. நான்கு.

"அண்ணி, நாலுன்னா நல்லதா கெட்டதா?" என்று கேட்டாள் நாத்தனார்.

"பத்துக்குக் கீழன்னா நல்லதுடி. கைக்கு ஒண்ணும் வேண்டாம்."

"பள்ளிக்கூடத்துல நாலு மார்க் வாங்கினப்பல்லாம் உங்க வீட்டுக்காரர்தான் என்னை அடிப்பாரு. அண்ணா, கேட்டியா? நாலு வாங்கிப் பாஸ் ஆயிட்டேன்!"

மைக்ரானின் கணவர் சிரிக்க முயன்று, முடியாமல் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டார். தண்ணீர் வெகு நேரம் ஓடியது.

திங்கட்கிழமை மைக்ரான் செய்தது யாரும் செய்யச் சொல்லாத வேலை. சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதோடு நுண்ணோக்கியில் அவள் உரிமை முடிந்துவிடும். எண்ணுவது டாக்டர்கள். ஆனால் அந்த நான்கைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. நாத்தனாரின் தகட்டை எடுத்து வைத்தாள். விளிம்பு வரை கட்டிதான். இறுக்கமாக, நெருக்கமாக, ஒரு கிழிசல் இல்லாமல். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்பு வளையம். என்ன சுத்தமான சீவல் என்று ஒரு கணம் தன்னையே மெச்சிக்கொண்டாள்.

சரி, அதிகம் என்றால் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க, கோடு கிழிக்க உதவிய பழைய தகடுகளில் ஒன்றை எடுத்தாள். எண்ணிக்கை இருபத்திரண்டு. வைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பாதித் தகடு கொழுப்பு; அந்தக் கொழுப்பு கந்தல் துணி மாதிரி கிழிந்து தொங்கியது. நாளம் எண்ணும் தகடுகளை அவளுக்கு முன்னால் சீவியவர், இப்போது ஓய்வு பெற்றுவிட்ட மெழுகு அண்ணன். சட்டையில் எப்போதும் மெழுகு சொட்டியிருக்கும். "அண்ணே, என்னண்ணே இது, சீவினீங்களா கடிச்சீங்களா?" என்று வாய்விட்டே சொன்னாள். கட்டி முடிந்து கொழுப்பு தொடங்கும் ஓரத்தில் பழுப்பு வளையங்கள் மொய்த்துக் கிடந்தன.

இரண்டாவது தகட்டிலும் கொழுப்பு. மூன்றாவதிலும். பதினேழு பழைய தகடுகளைப் பார்த்தாள். பதினேழிலும் ஓரம் இருந்தது. பிறகு, தான் சீவிய முப்பத்திரண்டையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அதற்கு நுண்ணோக்கிகூடத் தேவைப்படவில்லை. அத்தனையும் முழுக் கட்டி. ஓரமே இல்லை.

ஒரு கட்டியிலிருந்து நான்கைந்து பிளாக் போடுவார்கள். நடுவிலிருந்து சில, ஓரத்திலிருந்து சில. எண்ணுவதற்கு ஒன்று போதும். கோரிக்கைப் படிவத்தில் 'கட்டி உள்ள பிளாக்' என்று மட்டும்தான் எழுதியிருக்கும். எதை எடுப்பது என்பது சீவுகிறவள் கையில். கொழுப்புக்குள் மெழுகு சரியாக இறங்காது. கத்தி பட்டால் பிய்ந்து வரும். அதனால் அவள் எப்போதும் கொழுப்பில்லாத, நடுவிலிருந்து எடுத்த பிளாக்கையே எடுத்தாள். சோம்பலால் இல்லை. அழகாக வரவேண்டும் என்று. மைக்ரான் கை என்று சொல்ல வேண்டும் என்று.

மெழுகு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அடடே மைக்ரான்! இன்னும் உயிரோட இருக்கேனான்னு பாக்கறியா?"

"அண்ணே, நாளம் எண்றதுக்கு நீங்க ஏன் கொழுப்பு இருக்கற பிளாக்கையே எடுத்தீங்க?"

"பின்ன? கட்டியோட ஓரத்துலதானே நாளம் முளைக்கும். நடுவுல இருக்கறதெல்லாம் நசுங்கிப் போயிருக்கும். நடுவுல எண்ணினா ஒண்ணும் தேறாது."

"இத யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும்மா கேட்டா? ரிட்டயர் ஆன அன்னிக்கு சாவியக் கேட்டாங்க, அடையாள அட்டையக் கேட்டாங்க. நீ எப்படி பிளாக் எடுப்பேன்னு ஒருத்தரும் கேக்கல. ஏன், என்ன ஆச்சு?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

ஓரத்தை எண்ணிக் கிழித்த கோட்டை, நடுவை எண்ணித் தாண்டவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தொரு பேரிடம்.

நாத்தனாரின் ஐந்தாவது பிளாக்கில் கொழுப்பு இருந்தது. ஐஸ்மேல் வைத்துக் கல்லாக்கினாள். முதல் சீவல் பிய்ந்தது. இரண்டாவது சுருண்டது. மறுபடி ஐஸ், மறுபடி கத்தி. ஏழாவது சீவல் ஓட்டை ஓட்டையாக, கந்தலாக, ஆனால் ஓரம் கலையாமல் தொட்டியில் விரிந்தது. இருபத்தைந்து வருடத்தில் அவள் சீவியதிலேயே அசிங்கமான சீவல் அதுதான். செவ்வாய்க்கிழமை மதியம் சாயம் ஏறி முடிந்தது. மூன்று இடம் பிடித்தாள். எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பதினேழு.

பெரிய டாக்டரின் அறையில் அவளுக்கு நாற்காலி கிடையாது. நின்றுகொண்டே சொன்னாள். இரண்டு தகடுகளையும் மேசைமேல் வைத்தாள். அவர் பார்த்தார். கெட்டிக்காரர், இரண்டு நிமிடத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. அதுதான் அவளுக்கு இன்னும் கசந்தது.

"உன்னை யாரும்மா எண்ணச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார்."

"சரி. உன் நாத்தனார்தானே? ரிப்போர்ட்ட இப்பவே மாத்திடறேன். வியாழக்கிழமை ஆபரேஷன். நானே சர்ஜன்கிட்ட பேசறேன். போதுமா?"

"மத்த முப்பத்தொரு பேரு சார்?"

"அதுல பாதிப் பேருக்கு ஒண்ணும் இருக்காது."

"எந்தப் பாதின்னு எண்ணினாத்தானே தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாரையும் கூப்பிட்டு என்ன சொல்றது? எங்க கணக்கு தப்பாப்போச்சுன்னா? பயந்து சாவாங்க. இந்த முறையே அழிஞ்சுடும். இனிமே சரியாப் பண்ணுவோம். அவங்க எப்படியும் ஆறு மாசத்துக்கு ஒருதரம் செக்கப்புக்கு வருவாங்க, அப்ப பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள பரவிட்டா?"

"இங்க பாரு. அந்தப் பிளாக்கையெல்லாம் எடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப, இது வெளிய போனா மொதல்ல யாரு நிக்கணும்னு நீயே யோசிச்சுக்கோ. பென்ஷனும் சேந்து போயிடும்."

புகழ் வரும்போது பதினாலு பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். பழி வரும்போது அது முழுசாக ஒருத்தியின் தலையில் இறங்கும். படிவத்தில் ஒரு வரி எழுதத் தோன்றாதவருக்குக் குற்றமில்லை. தகடுகளைப் பார்த்து எண்ணிய டாக்டர்களில் ஒருவர்கூட ஓரம் எங்கே என்று கேட்காததும் குற்றமில்லை. மைக்ரான் இதையெல்லாம் அன்று படியிறங்கும்போது நினைத்தாள். நினைத்தும் மனசு ஆறவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதில் ஒரு பாதி பொய்யில்லை. எடுத்தது அவள்தான்.

நாத்தனார் ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறைக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தாள். ஓய்வெடு என்று எல்லோரும் சொல்லியும், இடது கையாலாவது பூசுகிறேன் என்று வந்திருந்தாள். பெஞ்சுகளெல்லாம் நடுவில் குவித்துப் பழைய துணியால் மூடிக்கிடந்தன. மைக்ரானைப் பார்த்ததும் ஏணியிலிருந்து இறங்கினாள்.

"என்ன அண்ணி, வேலை நேரத்துல? மூஞ்சியப் பாத்தா யாரோ செத்துட்ட மாதிரி இருக்கு. நான் இல்லையே?"

மைக்ரான் சொன்னாள். எதையும் மழுப்பவில்லை. கொழுப்பு கிழியும் என்பதிலிருந்து பதினேழு வரைக்கும் சொன்னாள்.

நாத்தனார் துணிமேல் உட்கார்ந்தாள். விரலிடுக்கில் காய்ந்த வர்ணத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"அழகா வரணும்னு."

"ஆமா."

"என் கை வீங்கிப்போனா இந்த ரோலர நீங்க வந்து தூக்குவீங்களா அண்ணி?"

மைக்ரான் தரையில் கிடந்த ரோலரை எடுத்து வர்ண டின்மேல் வைத்தாள்.

"வாய்க்கு வந்தபடி திட்டணும்போல இருக்கு. ஆனா நீங்க சொல்லாம இருந்திருந்தா, எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல. அதான் திட்டவும் முடியல." மூக்கைப் புறங்கையால் துடைத்தாள், கன்னத்தில் வெள்ளை வர்ணம் இழுபட்டது. "சரி, அந்த டீச்சருக்கு?"

"எந்த டீச்சர்?"

"ஆஸ்பத்திரி பெஞ்சில என் பக்கத்துல உக்காருமே. அதுக்கும் கம்மியா வந்துச்சுன்னு சிரிச்சுக்கிட்டே போச்சு. முப்பத்தொண்ணுல அதுவும் ஒண்ணுதானே?"

"பெரிய டாக்டர் உன்னது மட்டும் மாத்தறேன்னு சொல்றாரு."

"ஓ. நமக்கு மட்டும் ஸ்பெஷலா?" நாத்தனார் எழுந்து ஏணியைப் பிடித்தாள். "என் வாய் சும்மா இருக்காதுன்னு ஊருக்கே தெரியும். டீச்சரப் பாத்தா நான் சொல்லிடுவேன். நான் சொன்னா வதந்தி. நீங்க சொன்னா விஷயம். எது மொதல்ல வரணும்னு பாத்துக்கோங்க."

அன்று மாலையே மைக்ரான் கடிதம் எழுதினாள். இரண்டு பக்கம். முதல் வரி: 'இந்தத் தவறு என் மேசையில் தொடங்கியது.' கடைசியில் முப்பத்தொரு பேரின் பிளாக் எண்கள். கணவர் படித்துப் பார்த்துவிட்டு, "மொத வரிய எடுத்துடேன். நீயே வலியப் போய்க் கழுத்த நீட்டற மாதிரி இருக்கு" என்றார். அதை எடுத்தால் மீதி வரிகளை ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்றாள் அவள்.

புதன்கிழமை காலை இயக்குநர் அலுவலகத்தில் கடிதம் வாங்கும் எழுத்தர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இது உங்க துறைத் தலைவர் மூலமா வரணும்மா."

"அவரப் பத்தித்தாங்க லெட்டரே."

எழுத்தர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முதல் வரியைப் படித்தார். முத்திரையை மையில் அழுத்தி, ஒன்றுக்கு இரண்டு தடவை குத்தினார். "நகல் வச்சிருக்கீங்கல்ல? பத்திரமா வைங்க" என்றார்.

அடுத்த நாள் நாத்தனாரின் அக்குளைத் திறந்தார்கள். எடுத்த முடிச்சுகள் பதினாலு. மூன்றில் புற்று இருந்தது.

அந்த மூன்றைக் காட்டிய பிறகு இயக்குநரால் கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்ட முடியவில்லை. மைக்ரானுக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது. விசாரணை முடியும்வரை ஆய்வுக்கூடத்துக்குள் வரக்கூடாது என்றார்கள். மூன்றாம் நாள் திரும்பக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் கை வைத்த கொழுப்பு பிளாக்குகள் எல்லாம் பிய்ந்து போய்விட்டனவாம். குற்றம் சாட்டப்பட்டவளே வந்து, எது யாருடையது என்று தெரியாதபடி எண்களை மறைத்த முப்பத்தொரு பிளாக்குகளையும் சீவினாள். எட்டு வேலை நாள். வெளியிலிருந்து வந்த ஒரு டாக்டரம்மா எண்ணினார்.

டீச்சருக்கு எட்டு, தப்பித்தாள். பன்னிரண்டு பேர் கோட்டைத் தாண்டியிருந்தார்கள்.

பதினோரு பேரை வரவழைத்தார்கள். அழுதவர்களும் உண்டு, நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கத்தியவர்களும் உண்டு. ஒருத்திக்கு அக்குளில் ஏற்கெனவே கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு முடிச்சு இருந்தது. சதை என்று நினைத்தாளாம். பெரிய டாக்டர் நீண்ட விடுப்பில் போனார். விசாரணையில் அவர் தரப்பில் எழுதிக் கொடுத்திருந்த விளக்கத்தில் 'கீழ்நிலைப் பணியாளரின் கவனக்குறைவு' என்ற சொற்கள் நான்கு இடத்தில் இருந்தன.

பன்னிரண்டாவது பெண்ணின் எண்ணிக்கை இருபத்தாறு. எல்லோரையும்விட அதிகம். படிவத்தில் கொடுத்திருந்தது அவள் வேலை செய்த சலவைக்கடையின் எண். கடையை மூடி மாதக்கணக்காகிறது. அனுப்பிய தபால் திரும்பி வந்தது. அலுவலகம் கோப்பில் 'தொடர்புகொள்ள இயலவில்லை' என்று எழுதிக் கட்டி வைத்துவிட்டது.

இரண்டு சொல் எழுதினால் முடிந்துவிடுமா ஒரு உயிர்? மைக்ரான் விடவில்லை. மதிய உணவு நேரத்தில் சலவைக்கடை இருந்த தெருவுக்குப் போனாள். பக்கத்துச் சாவிக்கடைக்காரரைக் கேட்டாள். அவர் மாடியில் குடியிருந்தவரைக் காட்டினார். மாடிக்காரர் கடை முதலாளியின் மருமகனைச் சொன்னார். வீங்கத் தொடங்கியிருந்த வலது கையில் இறுக்கமான உறை மாட்டிக்கொண்டு நாத்தனாரும் இரண்டு நாள் கூட வந்தாள். "இந்த அக்கா துப்பறியும் ஆபீஸ்ல வேலை பாக்கறாங்க" என்று போகிற இடமெல்லாம் அளந்தாள். பதினொன்றாம் நாள் ஒரு காகிதத் துண்டில் ஓர் எண் கிடைத்தது.

ஆய்வுக்கூடத்தின் பின்வாசலில், காலி மெழுகு டின்களுக்குப் பக்கத்தில் நின்று மைக்ரான் அந்த எண்ணை அழுத்தினாள். ஆறு தடவை மணி அடித்தது.

"யாரு?" என்றது ஒரு பெண் குரல். பின்னால் இயந்திரம் சுற்றும் சத்தம். எங்கேயோ வேறொரு கடையில் துணி வெளுத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்று தொடங்கத்தான் நினைத்திருந்தாள். அப்படித் தொடங்கினால் பேசுவது யாரோ ஆகிவிடும்.

"நீங்க என்னைப் பாத்ததில்லைங்க. போன வருஷம் உங்க மார்லேர்ந்து எடுத்த கட்டியச் சீவினவ நான்தான். அதுல ஒரு தப்பு நடந்துபோச்சு. கொஞ்சம் அந்த மெஷினை நிறுத்திட்டு வரீங்களா? முழுசாச் சொல்லணும்."

இயந்திரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அது மெதுவாக நிற்கும் சத்தம் கேட்டது.